செக்கிங் மேசையில் ஒரு வணக்கம்

தலைமையாசிரியர்களைப் போல மோசமான மாணவர்கள் உலகத்தில் கிடையாது. பயிற்சிக்குப் போன முதல் நாளே இதைத் தெரிந்துகொண்டேன். மணி அடித்த பிறகு வரும் பிள்ளையைக் கொடிக்கம்பத்தடியில் நிற்க வைக்கிறவர்கள், பயிற்சி தொடங்கி வெகுநேரம் கழித்து, வாயில் வெற்றிலையோடு சாவகாசமாக உள்ளே வந்தார்கள். கடைசி வரிசைக்குப் போட்டி நடந்தது. "எனக்கும் சேர்த்து ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். அப்போதுதான் செல்போன் எல்லார் கைக்கும் வந்திருந்தது. ஒருத்தர் பாக்கெட் மாற்றி ஒருத்தர் பாக்கெட் பாடிக்கொண்டே இருந்தது. நானும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். கைப்பைக்குள் ஒரு வாரப் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

திருப்பூர் அன்று தனி மாவட்டம் ஆகவில்லை, கோவைக்குள்தான் இருந்தது. பல்லடம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. அதற்கு முன்பு கணக்கு டீச்சர். ஒருநாள் பதவி உயர்வு என்று சொல்லி ஒரு சாவிக்கொத்தையும் தண்ணீர் வராத கழிப்பறைகளையும் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்தை எப்படி நடத்துவது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பி.எட். படிப்பில் குழந்தை மனசைப் பற்றிப் பாடம் இருந்தது. மழை பெய்தால் ஒழுகும் வகுப்பை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது என்று பாடம் இல்லை. அதனால் பயிற்சி என்றதும் கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது என்பதுதான் உண்மை.

பயிற்சியாளர் கோவையில் ஏதோ நிர்வாகவியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறவர். எங்கள் பலருக்கு மகன் வயசு. கழுத்தில் டை. உள்ளே வந்ததும் "குட்மார்னிங் லீடர்ஸ்!" என்றார். பின்னால் யாரோ, "யாரைங்க கூப்பிடறாரு?" என்று கேட்டார்கள்.

ஆளுக்கொரு பலூன் கொடுத்து, ஊதிக் கட்டி, தன் பலூனைக் காப்பாற்றிக்கொண்டு மற்றவர் பலூனை உடைக்கச் சொன்னார். ஓய்வுபெற ஒரு வருஷம்கூட இல்லாதவர்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் கூடத்தில் ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் சேலையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றிக்கொண்டேன். கடைசியில் என் பலூன் மட்டும்தான் மிச்சம் இருந்தது. "உடைக்கச் சொன்னேன், உடைத்தீர்கள். ஏன் உடைக்க வேண்டும் என்று யாருமே கேட்கவில்லையே" என்று பயிற்சியாளர் சொன்னபோது எனக்கு முகத்தில் அசடு வழிந்தது. ஆள் சின்னவர், ஆனால் மண்டை காலி இல்லை.

அவிநாசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூத்த தலைமையாசிரியர் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். "டீச்சர், கொஞ்சம் நிமிந்து உக்காருங்க. நீங்க மறைச்சாத்தான் நான் நிம்மதியாத் தூங்க முடியும்" என்பார்.

ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மனசு முழுக்கப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மேல் இருந்தது. பரீட்சை பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அரையாண்டு விடுமுறைக்குப் போனவள் பொங்கல் கழிந்தும் வரவில்லை. அவள் வகுப்பில் இன்னும் சில பெண்களும்தான் வரவில்லை, ஆனால் என்னை உறுத்தியது அவள் இடம்தான்.

அவள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்தது. வீட்டில் தெற்கத்திப் பேச்சு, பள்ளிக்கூடத்தில் எங்கள் பேச்சு, இரண்டும் அவளுக்குச் சரளம். என் பள்ளியில் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு நூறு போடலாம் என்று நம்பக்கூடிய ஒரே பிள்ளை. வகுப்புத் தலைவியும் அவள்தான். ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "மஞ்சக்காமாலை, ஊருக்குப் போயிருக்கா" என்று அவள் அம்மா சொல்லியனுப்பினாள். பரீட்சைக்குள் வந்துவிடுவாளா என்பதுதான் என் கவலை. பத்தாவது எழுதாமல் ஒரு பெண் நின்றுவிட்டால், அதன் பிறகு எங்கள் பக்கத்தில் அவளைப் படிக்க அனுப்ப யாரும் மெனக்கெட மாட்டார்கள். பனியன் கம்பெனி வண்டி காலையில் தெருமுனைக்கே வந்து நிற்கும்.

இரண்டாம் நாள், "உங்கள் பள்ளியில் நீங்கள் கொண்டுவந்த ஒரு நல்ல மாற்றத்தைச் சொல்லுங்கள்" என்றார் பயிற்சியாளர். ஒருவர் மரம் நட்டதைச் சொன்னார். ஒருவர் சுற்றுச்சுவர் கட்டியதைச் சொன்னார். நான் வணக்கத்தைச் சொன்னேன்.

நான் பொறுப்பேற்றபோது அந்தப் பள்ளிக்கூடம் சந்தைக்கடை. வகுப்புக்குள் போனால் ஒரு பிள்ளை திரும்பிப் பார்க்காது. தறி ஓடும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகள், கத்திப் பேசித்தான் பழக்கம். நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். டீச்சர் உள்ளே வந்தால் வகுப்புத் தலைவி முதலில் எழ வேண்டும். அவள் எழுந்ததும் மொத்த வகுப்பும் எழ வேண்டும். கைகூப்பி ஒரே குரலில் "வணக்கம் டீச்சர்" சொல்ல வேண்டும். நான் "உட்காருங்க" என்று சொல்லும் வரை ஒரு தலை தாழக் கூடாது. தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. தினமும் பயிற்சி, மாதக்கணக்கில். கடைசியில் என் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே உள்ளே பெஞ்சு நகரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும், ரொம்பவே பிடிக்கும். ஒரு பள்ளிக்கூடம் என் கைக்குள் வந்துவிட்டது என்று அப்போதெல்லாம் தோன்றும்.

எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணாகூடக் கண்ணைத் திறந்து தட்டினார். பயிற்சியாளர் பலகையில் சிஸ்டம் என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டார். "ஆள் மாறினாலும் பழக்கம் நிற்க வேண்டும். நாளைக்கு உங்களை ஒரு பனியன் கம்பெனிக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே இதைப் பெரிய அளவில் பார்க்கலாம்" என்றார்.

கம்பெனி வாசலில் சந்தனம், கல்கண்டு, ஆளுக்கொரு ரோஜாப்பூ. கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி நடத்தினார்கள். மேனேஜர் எங்கள் பக்கத்துக்காரர், வார்த்தைக்கு வார்த்தை ங்க போட்டுப் பேசுகிற மனுஷன். "வாங்க, வாங்க. வாத்தியாருங்க கால் பட்டா கம்பெனிக்கு நல்லதுங்க" என்றார். துணி வெட்டும் இடம், தைக்கும் இடம் எல்லாம் சுற்றிக் காட்டினார். ஒரு மெஷினில் கழுத்து, அடுத்த மெஷினில் கை, அடுத்ததில் ஓரம். எங்கேயும் துணி தேங்கவில்லை. ஒருத்தர் லீவு போட்டால் அந்த இடத்துக்கு அடுத்த ஆள் தயாராக இருப்பதை மேனேஜர் விளக்க, பயிற்சியாளர் எங்களைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். "இங்க ஆப்சென்ட்டே கெடையாதுங்க" என்றார் மேனேஜர். தலைமையாசிரியர்கள் பெருமூச்சு விட்டோம். சுவரில், பதினெட்டு வயதுக்குக் கீழ் யாரும் வேலை செய்வதில்லை என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி மாட்டியிருந்தது.

அடுத்தது செக்கிங். தைத்து முடித்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டி, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற இடம். நீள நீளமான மேசைகள், இரண்டு பக்கமும் பெண்கள். பஞ்சுத் தூசிக்காக எல்லாரும் தலையிலும் மூக்கிலும் துணி கட்டியிருந்தார்கள். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்தக் கண்ணும் குனிந்தே இருந்தது. என் அம்மாவே அங்கே உட்கார்ந்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

நான் முன்னால் நடந்தேன். சிமென்ட் தரையில் என் செருப்பு சத்தம் போட்டது.

நடு மேசையில் ஒருத்தி எழுந்தாள். அவள் எழுந்த அதே நொடியில் அந்த மேசையிலும் பக்கத்து மேசையிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பலர் எழுந்தார்கள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினார்கள். "வணக்கம் டீச்சர்." அந்தக் கடைசி எழுத்தை இழுக்கிற இழுப்பு இருக்கிறதே, அது நான் சொல்லிக் கொடுத்தது. உலகத்தில் வேறெந்தப் பள்ளியிலும் அப்படி இழுக்க மாட்டார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணிக்கு மேலே அந்தக் கண்களைப் பார்த்தேன். மஞ்சள் காமாலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் வகுப்புத் தலைவி. அவள் கண்ணில் இருந்த பயத்தை நான் அதற்கு முன்பு எந்தப் பிள்ளையின் கண்ணிலும் பார்த்ததில்லை. எழுந்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் உட்கார முடியவில்லை. யாருமே உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார்கள். பக்கத்தில் இருந்த மற்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சூப்பர்வைசர் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

எதற்காக நிற்கிறார்கள் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு என் வாய் தானாகச் சொன்னது: "உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். கத்தரியை எடுத்தார்கள். பிசிறு வெட்டத் தொடங்கினார்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கம்பெனி மேசையில் உட்கார்ந்து வேலை செய் என்று நானே சொல்லியிருக்கிறேன். அதை நான் உணர்வதற்குள் எனக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது. பயிற்சியாளர்! முகம் பூரித்துப் போயிருந்தது. "பாருங்க! நேத்து மேடம் சொன்னாங்கல்ல? படிச்சு முடிச்சுப் போன பிறகும் நிக்குது பாருங்க. இதுதான் சிஸ்டம்!" எல்லாரும் தட்டினார்கள். மேனேஜர் தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றார். அண்ணா மட்டும் என் காதருகே குனிந்து, "பழைய ஸ்டூடண்ட்டுன்னு சொல்லீருங்க டீச்சர். மேல பேச வேண்டாங்க" என்றார். அவருக்குத் தூக்கம் சுத்தமாகப் போயிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் ஏவல் கிடையாது. இலையில் கை வைக்காமல் எழுந்து மேனேஜரிடம் போய், "அந்தப் புள்ளைங்க என் பத்தாம் வகுப்பு. இந்த வருஷம் பரீட்சை எழுத வேண்டியதுங்க" என்றேன். அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"எங்களுக்குத் தெரியாதுங்க டீச்சர். அக்கா பேரு, சின்னம்மா பேருன்னு சொல்லிச் சேந்திருக்குமுங்க. வெளிநாட்டு ஆளுங்க காதுக்குப் போச்சுன்னா ஆர்டரே போயிருமுங்க. நீங்க சாப்பிடுங்க, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். நாங்கள் பாயசம் குடித்துவிட்டு வெளியே வந்தபோது செக்கிங் பகுதியில் அந்த இடங்கள் காலி. மேசையில் கத்தரிகூட இல்லை. பின்வாசல் வழியாக வண்டியில் ஏற்றி அனுப்பியாயிற்று. ஒரு சாப்பாடு முடிவதற்குள் இத்தனை பேரை இல்லாமல் ஆக்க முடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையின் பெயரை நீக்க எத்தனை நாள் யோசிப்போம்!

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். அவளை மீட்டுவிட்டேன் என்றுதான் மனசுக்குள் ஒரு நினைப்பு. திட்டினாலும் கடைசியில் அம்மாக்காரி கும்பிடுவாள், நாளைக்குப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த அம்மா என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் பாயில் கிடந்தார். சாயப்பட்டறையில் வழுக்கி விழுந்து, இடுப்பிலிருந்து முட்டிக்குக் கீழே வரை கட்டுப் போட்டிருந்தது.

"நீங்க என்னத்துக்கு டீச்சர் அங்க வந்திய?" என்றாள் அம்மா.

நான் பயிற்சி என்றேன். சொல்லும்போதே கேவலமாக இருந்தது.

"உங்களுக்கு என்ன டீச்சர் பயிற்சி? இவரத் தூக்கி உக்கார வைக்க ஆள் வேணும், நான் எப்படி வேலைக்குப் போவேன்? அவ கொண்டு வாரதுலதான் உலை கொதிச்சிது. பரிச்சைக்கு முந்தி நிறுத்திருவோம்னு நானும் அவளும் பேசித்தான் வச்சிருந்தோம். மூஞ்சியத்தான் மூடியிருந்தாள்லா? எந்திக்காம இருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?" பிறகு உள்ளே திரும்பி, "ஏட்டி, உன்னைய யாரு எந்திக்கச் சொன்னா?" என்று கத்தினாள்.

அடுப்புப் பக்கத்து இருட்டிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "நான் எந்திக்கலம்மா. காலு தானா எந்திச்சிட்டு."

பயிற்சி மண்டபத்தில் கைதட்டு வாங்கிய விஷயம் இதுதான். அவளை அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தால்கூட இப்படி ஊறியிருக்காது, பிரியமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். "பரீட்சைக்கு மட்டும் அனுப்பி வையுங்க" என்று கெஞ்சினேன். அம்மா கதவைச் சாத்தினாள்.

கடைசி நாள், கம்பெனியில் என்ன கற்றுக்கொண்டோம் என்று ஒவ்வொருவராக வந்து பேச வேண்டும். நேர மேலாண்மை, குழு மனப்பான்மை என்று ஒப்பித்துக்கொண்டே போனார்கள். என் முறை வந்தது. "நேற்று எனக்கு வணக்கம் சொன்னவர்கள் பழைய மாணவிகள் இல்லை. இந்த வருஷத்துப் பத்தாம் வகுப்பு. பள்ளியில் அவர்கள் இடம் காலி, நேற்றிலிருந்து கம்பெனியிலும் காலி. இனி அந்தப் பிள்ளைகளை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று இந்தப் பயிற்சியில் யாராவது சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டுவிட்டு நின்றேன்.

பயிற்சியாளர் என்னையே பார்த்தார். "மேடம், நான் கைதட்டினேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். டையைத் தளர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பின் வரிசையில் அண்ணா எழுந்தார். "எம் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களும் அங்க இருந்துச்சுங்க" என்றார். "நான் பாத்தேன். அதுங்க தலையத் தூக்கவே இல்ல. டீச்சருக்கு மாதிரி நமக்கு வணக்கம் சொல்லீருமோன்னு எனக்குக் கைகால் ஒதறுச்சு. சொல்லலீன்னதும் அப்பாடான்னு இருந்துச்சுங்க." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நடந்தது என்னவென்று தெரியாமல் டீக்காரர் தட்டோடு உள்ளே வந்து, எல்லாருக்கும் டீ கொடுத்தார். பிறகு சான்றிதழ் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்த வாரம் முதல் ஆளாக அவள் வந்துவிட்டாள். காலை வழிபாட்டில் கடைசி வரிசையில் நின்றாள். அம்மா வேலைக்குப் போகிறாளாம், அப்பாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீர் கொடுக்கிறார்களாம். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. பரீட்சை எழுதிவிடுவாள், இனி கவலை இல்லை என்று நினைத்தேன். முதல் பாடவேளை என்னுடையது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு வேகமாகப் பத்தாம் வகுப்புக்கு நடந்தேன்.

என் செருப்புச் சத்தத்துக்கு உள்ளே பெஞ்சுகள் நகர்ந்தன. ஆனால் இந்தத் தடவை ஒன்றன்பின் ஒன்றாக, ஒழுங்கில்லாமல் நகர்ந்தன. நான் உள்ளே நுழைந்தபோது மொத்த வகுப்பும் எழுந்து நின்று வணக்கம் சொன்னது. வகுப்புத் தலைவி மட்டும் எழவில்லை.

கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் போனேன். தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் இரண்டு முட்டியையும் அமுக்கிப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. அவள் கால் அப்படியும் நடுங்கியது.

"என்ன கண்ணு, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"இல்லீங்க டீச்சர்." நிமிரவில்லை. "பழகறேனுங்க. பரீட்சை முடிஞ்சதும் வேற கம்பெனிக்குப் போகோணும். அங்கயும் நீங்க வந்துட்டீங்கன்னா?"

மற்ற பிள்ளைகள் கைகூப்பியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.